தம்பியின் பெயர் ஒட்டிய டப்பா

என் தம்பி அருளுக்கு வந்த முதல் அறிகுறி ரத்தம் என்று ஆஸ்பத்திரிக் கோப்பில் எழுதியிருக்கிறது. என்னைக் கேட்டால், முதல் அறிகுறி ஒரு பிளாஸ்டிக் டப்பா. நீல மூடி போட்டது, உள்ளே குட்டிக் கரண்டி வைத்தது. ஒரு நாள் காலையில் அதை அவன் என் கையில் திணித்தான். அந்த நிமிடமே நான் கத்தியிருக்க வேண்டும். வாயாடி என்று ஊரே பெயர் வைத்த நான், அன்றைக்குப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன்.

நானும் அவனும் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் வேலை செய்தோம். நான் காய் வெட்டும் பிரிவு, அவன் அடுப்பு. மூன்று ஷிப்டுக்கும் சோறு போகிற இடம் அது. சமையலறையில் கை வைக்கிற எல்லாரும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை மலப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். டைபாய்டு கிருமி, புழு முட்டை, கண்ணுக்குத் தெரியாத ரத்தம் எல்லாம் பார்ப்பார்கள். ஏதாவது இருந்தால் ‘அன்ஃபிட்’ என்று எழுதிச் சமையலறைக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். மறுபடி உள்ளே வருவது குதிரைக் கொம்பு.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளியே சொன்னால் காறித் துப்புவீர்கள். பரவாயில்லை, சொல்கிறேன். வயிறு சரியில்லாதவர்கள், கூச்சப்படுகிறவர்கள், அன்று காலை பார்த்து வயிறு ஒத்துழைக்காதவர்கள் தங்கள் டப்பாவை வேறொருவரிடம் கொடுத்து நிரப்பிக்கொள்வார்கள். எனக்குக் கல் வயிறு. ஆறு வருடமாக என் ரிப்போர்ட்டில் ஒரு குறை வந்ததில்லை. அதனால் பரிசோதனை நாளில் எனக்குத் தனி மவுசு. “செலினக்கா சரக்கு, ஃபர்ஸ்ட் குவாலிட்டி” என்று அரிசி கழுவும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆடிட் வருகிறபோது தொப்பி மறந்தவளுக்கு என் தொப்பியை மாட்டிவிடுவேனே, அப்படித்தான் இதையும் நினைத்தேன்.

அன்று அருள் என்னைப் பாத்திரம் கழுவும் இடத்துக்குக் கூப்பிட்டான்.

“அக்கா, இதுலயும் நீயே போட்டுக் குடுத்துடு.”

“ஏன்டா, உனுக்கு இன்னா வந்துது?”

“ஒன்னுமில்ல. மூலம். கொஞ்சம் ரத்தம் வருது.”

“எத்தினி நாளா?”

“ஒரு மாசமா. அடுப்பாண்டயே நின்னுகினு கீறேன், சூடு. வுடுக்கா. வர திங்கக்கெழம என்னை மாஸ்டராக்கறாங்க. இதுல ரத்தம் காமிச்சிச்சின்னா இன்னா ஆவும் சொல்லு.”

மாஸ்டர் என்றால் சமையலறையின் தலைமை. பதினாறு வயதில் வெங்காயம் உரிக்க வந்தவன் அவன். நாற்பது வயதில் அந்த வெள்ளைக் கோட்டை எட்டிப் பிடிக்கிறான். நான் அவனை நாலு திட்டு திட்டினேன். பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டு சோறு தின்னாதே என்றேன். பிறகு டப்பாவை வாங்கிக்கொண்டேன். அதன் மேல் ‘அ. அருள், சமையல்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது.

அந்த வாரமே துத்திக் கீரை பறித்து வந்து பாசிப்பருப்பு போட்டுக் கடைந்து கொடுத்தேன். கருணைக்கிழங்கு மசித்துக் கொடுத்தேன். மூலத்துக்கு எங்கள் பக்கம் எல்லாரும் செய்கிற வைத்தியம். ரத்தம் இரண்டு வாரம் நின்றது. கீரை நிறுத்தியது என்று நினைத்தேன். தானாக நின்று தானாக வருவதும் அந்த நோயின் குணம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வந்தது. அருள் மாஸ்டர் ஆனான். அவன் மனைவி விமலா அந்தக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ரேஷன் கார்டு வைக்கும் பையில் பத்திரமாக வைத்தாள். அவளுக்கு நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

இனிமேல் சொல்வதுதான் எனக்கே இன்றுவரை விளங்காதது. பொய் சொன்ன நாங்களே அந்தக் காகிதத்தை நம்ப ஆரம்பித்தோம். நாலைந்து மாதம் கழித்து அவன் பேன்ட் இடுப்பில் நிற்காமல் போனது. இடது பக்க வயிறு இழுத்துப் பிடிக்கிறது என்றான். “டாக்டராண்ட போடா” என்றேன். “டெஸ்ட்ல நார்மல்னுதானே வந்துது” என்றான். யாரிடம் சொன்னான்? என்னிடம். நானும், ஆமாம் நார்மல்தானே, என்று தலையாட்டினேன். கர்த்தர் சாட்சியாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் அது என் டப்பா என்பது என் நினைவிலேயே இல்லை. பெயர் அவனுடையது, கீழே கையெழுத்து இருந்தது, முத்திரை இருந்தது.

படப்பையில் ஒரு கிளினிக்குக்குக் கடைசியில் போனான். அந்த டாக்டரிடமும் ரிப்போர்ட்டைத்தான் நீட்டினான். அவர் அதைப் பார்த்துவிட்டு மூலத்துக்கு மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

டப்பா கொடுத்துப் பத்தாவது மாதம், மதியச் சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தவன் அப்படியே உட்கார்ந்தான். பச்சையாக வாந்தி எடுத்தான். வயிறு பறை மாதிரி விறைத்திருந்தது. தொழிற்சாலை ஆம்புலன்ஸில் ஏற்றி, சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெருங்குடலில் கட்டி வளர்ந்து வழியை முழுவதும் அடைத்துவிட்டது என்றார்கள். அன்றைக்கே அறுவை சிகிச்சை. குடலின் ஒரு முனையை வயிற்றுத் தோல் வழியாக வெளியே எடுத்து, அதன்மேல் பை ஒட்டினார்கள். ஸ்டோமா (மலம் வெளியேற வயிற்றில் வைக்கும் செயற்கை வாய்) என்று அதற்குப் பெயர். பயாப்சி (சதைத் துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது) எட்டு நாளில் வந்தது. புற்றுநோய். ஈரலில் ஐந்து இடத்தில் பரவியிருந்தது.

வார்டுக்கு வெளியே நாற்காலி இல்லாத நீளமான தாழ்வாரம். சுவர் ஓரமாகப் பாய் விரித்து ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். அங்கே நின்றுதான் அறுவை சிகிச்சை டாக்டர் பேசினார். விமலா மறக்காமல் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்திருந்தாள். அவர் அதைப் புரட்டிவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“பத்து மாசத்துக்கு முன்னாடி எடுத்ததா? அப்ப ரத்தமே இல்லைன்னு இருக்கே.”

“ஆமா சார். நார்மல்னு வந்துது.”

“இந்தக் கட்டி ஒரு வருசத்துல வந்தது இல்லம்மா. சில சமயம் அன்னைக்குன்னு கசியாம இருக்கலாம். டெஸ்ட் தவறவிடறதும் உண்டு.”

“அப்ப அந்த லேபு பொய் சொல்லிச்சா சார்?”

டாக்டர் காகிதத்தை உறையில் போட்டு அவளிடமே திருப்பிக் கொடுத்தார். நான் கையில் ஃபிளாஸ்க்கோடு அவள் பக்கத்தில்தான் நின்றேன். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. “காப்பி ஆறிடும் விமலா” என்றுதான் வாயில் வந்தது. தூ, என்ன பிறவி நான்!

கட்டியை மேலும் பரிசோதித்தபோது இன்னொன்று தெரிந்தது. சாதாரணமாகச் செல்லில் இருக்க வேண்டிய ஒரு புரதம் அதில் இல்லை. பரம்பரையாக இருக்கலாம் என்று எங்களை மரபியல் பிரிவுக்கு (தலைமுறை வழியாக வரும் நோய்களைப் பார்க்கும் பிரிவு) அனுப்பினார்கள். அங்கே ஒரு பெண் டாக்டர். பொறுமைசாலி. வெள்ளைத்தாளில் எங்கள் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். புற்றுநோய் வந்தவர்களுக்குக் கறுப்பு அடித்தார்.

அப்பாவுக்கு எந்த வயதில் என்று கேட்டார். நாற்பத்து நாலு என்றேன். என்ன நோய்? குடித்துக் குடித்து வயிற்றில் புண்ணாகி, கட்டியாகிச் செத்தார் என்றேன். அப்பாவின் அக்கா? ஐம்பதில் கர்ப்பப்பைப் புற்றுநோய். அதை நாங்கள் தனிக் கதையாகத்தான் வைத்திருந்தோம். ஒன்று வயிறு, ஒன்று கர்ப்பப்பை, இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? சம்பந்தம் உண்டு என்றார். ஒரே மரபணுப் பழுது இரண்டு இடத்திலும் கை வைக்குமாம்.

அப்பாவை நான் இருபது வருடமாகத் திட்டியிருக்கிறேன். கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றும்போதுகூட, குடித்துக் குடும்பத்தைக் கெடுத்தாயே என்று திட்டிக்கொண்டேதான் ஏற்றுவேன். அவர் குடித்தது நிஜம். ஆனால் அவருக்கும் ரத்தம் போயிருக்கும், அவரும் மூலம் என்றுதான் நினைத்திருப்பார். அந்தக் கறுப்புச் சதுரத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

அருள் படுக்கையிலேயே போனில் எதையெதையோ படித்து வைத்திருந்தான். குடலில் உள்ள கிருமியால் புற்றுநோய் வருமாமே என்று அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டான். அவர் அவசரப்படாமல் சொன்னார். எனக்குப் புரிந்த மட்டும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டில் இப்படி இருந்தால், நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

“உடம்புல செல்லு புதுசு புதுசா உருவாகிட்டே இருக்கும் அருள். அப்ப தப்பு நடக்கும். அதச் சரி பண்ற வேலைக்குன்னு சில மரபணு இருக்கு. அப்பாகிட்டருந்து ஒன்னு, அம்மாகிட்டருந்து ஒன்னுன்னு ஜோடியா வரும். உங்களுக்கு ஒன்னு பிறவியிலேயே பழுது. குடல்ல எங்கயோ ஒரு செல்லுல இன்னொன்னும் பழுதாயிடுச்சு. அப்புறம் அங்க சரிபார்க்க யாரும் இல்ல.”

“கிருமி?”

“குடல்ல கோடிக்கணக்கா இருக்கு. பெரும்பாலும் நமக்கு வேண்டியதுதான். சில வகை மட்டும் மரபணுவக் காயப்படுத்தற நஞ்சை விடும். வாயில இருக்கற ஒரு கிருமி குடல் கட்டிக்குள்ள குடியிருக்கறதையும் பார்த்திருக்காங்க. அது கட்டிய வளர்க்குதா, இல்ல கட்டி வந்தப்புறம் குடியேறுதான்னு இன்னும் முழுசாத் தெரியல. என்ன சாப்பிடறோம், எப்பத் தூங்கறோம்னு பொறுத்து அந்தக் கூட்டமும் மாறும்.”

அருள் கொஞ்சம் யோசித்தான்.

“இப்டி சொல்லலாமா மேடம்? லைன்ல பீஸு ஓடினுகீது. கிருமி வந்து கீறல் போடுது. கியூசி ஆளு பாத்து எடுத்துப் போடணும். என் லைன்ல கியூசி பொறக்கும்போதே லீவு.”

கியூசி என்றால் ஓடிவரும் பொருளில் பழுது பார்த்து ஒதுக்குகிறவர். தொழிற்சாலைக்காரன் புத்தி, அப்படித்தான் ஓடும். டாக்டர் சிரித்துவிட்டார். “கிட்டத்தட்ட அதேதான்” என்றார். அவனும் சிரித்தான். சட்டென்று சிரிப்பை நிறுத்திக் கேட்டான்.

“அப்ப எது மேடம் என்னைக் கொல்லுது? எங்கப்பனா, கிருமியா, நான் நேரங்கெட்ட நேரத்துல தின்ன சோறா?”

“பிரிச்சுச் சொல்ல முடியாது அருள். இதுல இவ்வளவு, அதுல இவ்வளவுன்னு யாராலயும் சொல்ல முடியாது. இதே மரபணுப் பழுது இருந்தும் சிலருக்கு வரதே இல்ல.”

கேவலமான உண்மை ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்த அறையில் என் மனசு லேசானது. மரபணு, கிருமி, சோறு என்று எத்தனை காரணம்! இந்தக் கூட்டத்தில் என் டப்பா எங்கே? பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்த நிம்மதி கிழிந்தது. நோயை அவை கொடுத்தன. பத்து மாதத்தை நான் கொடுத்தேன். அந்தப் பத்து மாதத்துக்கு முன்னால் ஈரல் சுத்தமாக இருந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

என்னையும் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு தகப்பன் பிள்ளைகளுக்கு அந்தப் பழுது பாதிக்குப் பாதி வரும். எனக்கு வரட்டும் என்று ஜெபம் செய்தேன். அப்படி ஜெபம் செய்தவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வந்திருந்தால் கணக்கு கொஞ்சமாவது நேராகியிருக்கும் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. வரவில்லை. எனக்கு அந்த மரபணு நன்றாகவே இருக்கிறதாம்.

அருளிடம் நானே சொன்னேன். அவன் வாய்விட்டுச் சிரித்தான். பை ஒட்டிய வயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“உன்னுது எப்பவும் நார்மல்தானக்கா.”

அதில் குத்தல் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

கீமோ (ரத்தக்குழாய் வழியாக ஏற்றும் புற்றுநோய் மருந்து) ஆரம்பித்தார்கள். விரல் நுனி மரத்தது. குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் ஊசி குத்துகிறது என்பான். நாக்கில் உப்பு தெரியவில்லை. ஆயிரம் பேருக்கு உப்பு பார்த்த நாக்கு அது. கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, “அக்கா, உப்பு கீதா?” என்று என்னைக் கேட்டான். இருக்கிறது என்றேன். நம்பிக் குடித்தான். கீமோவுக்குப் பிறகு, உடம்பின் சொந்தக் காவலைத் தட்டி எழுப்பும் புதிய மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். இந்த வகைப் புற்றுநோயில் அது பலருக்கு நன்றாகக் கேட்கும் என்று டாக்டர்கள் நம்பிக்கையோடுதான் சொன்னார்கள். இவனுக்குக் கேட்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, தெரியவில்லை என்றார்கள்.

பையை மாற்றுவது என் வேலையானது. விமலா வீட்டு வேலைக்குப் போய் வருவாள், அவர்களுடைய மகள் ஜெனி தண்டலம் பக்கம் கல்லூரிக்குப் போவாள். எனக்குப் பிள்ளை இல்லை. வீட்டுக்காரர் வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய் நாளாகிறது. ஆகவே வேலையை விட்டுவிட்டு வடக்குப்பட்டில் அவன் வீட்டிலேயே கிடந்தேன். அன்றைக்கு அவன் பெயர் போட்ட டப்பாவில் வராதது, இப்போது தினமும் என் கைக்கு வந்தது. கழுவிக் கழுவிப் பார்ப்பேன். சில நாள் சிவப்பாக இருக்கும்.

ஒரு மதியம் அவனைச் சாய்த்து உட்காரவைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அக்கா, ரெண்டு விசயம். டப்பா மேட்டர விமலாவாண்ட சொல்லாத. அந்த லேபுகாரனத் திட்டினுகீறா பாரு, திட்டட்டும். இல்லன்னா என்னைத் திட்டுவா, உன்னைத் திட்டுவா. நான் போனப்பறம் அவளுக்கு இருக்கறது நீ ஒருத்திதான்.”

“ரெண்டாவது?”

“ஜெனிக்கு டெஸ்ட் எடுத்துடு. எப்டினா எடுத்துடு.”

இரண்டுக்கும் சரி என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தேன். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் என்று அப்போது தெரியாது. மூன்று வாரத்தில் அவன் போய்விட்டான். நாற்பத்தொரு வயது. கடைசி இரண்டு நாள் பேச்சில்லை. மாஸ்டர் கோட்டைச் சவப்பெட்டிக்குள் வைக்கலாமா என்று விமலா கேட்டாள். வைத்தோம்.

ஜெனிக்கு அப்போது பத்தொன்பது வயது. அவளுக்கும் பாதிக்குப் பாதி. ரத்தம் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பழுது இல்லையென்றால் நிம்மதி. இருந்தால் இருபது வயதைத் தாண்டியதும் கொலனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்ப்பது) செய்துகொண்டே வர வேண்டும். முளையிலேயே பார்த்தால் கிள்ளி எடுத்துவிடலாம். அப்பனுக்குக் கிடைக்காத வாய்ப்பு. அதைச் சொல்லத்தான் நாற்பது நாள் பூசை முடிந்த மறுவாரம் அவளிடம் பேச்செடுத்தேன்.

“வேணாம் அத்த.”

“ஏன்டி?”

“எங்கப்பாவுக்கும் டெஸ்ட் எடுத்தாங்க. நார்மல்னு சீல் வச்சிக் குடுத்தாங்க. உள்ள கட்டி இருந்துச்சு. எனக்கும் நார்மல்னு குடுப்பாங்க, நான் நம்பிக்கினு திரியணுமா? எந்த டெஸ்டும் எனக்கு வேணாம். வந்தா வரட்டும்.”

விமலாவும் அவள் பக்கம்தான் நின்றாள். “அந்தப் பாவிங்க கையில என் பொண்ணக் குடுக்க மாட்டேன் அண்ணி” என்றாள். நான் கெஞ்சினேன், திட்டினேன், அந்த மரபியல் டாக்டரைப் போனில் பேசவைத்தேன். இது வேறு டெஸ்ட், அது வேறு டெஸ்ட் என்று அவர் விளக்கினார். ஜெனி போனைக் காதிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நாலு மாதம் ஓடியது. நாலு மாதம்! டப்பா கொடுத்துப் பத்து மாதம் வாயை மூடியிருந்தவள், மறுபடி நாலு மாதம் மூடியிருந்தேன். ஒரு நாள் வீட்டில் ஜெனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். மாதவிடாய் வலிதான். ஆனால் அந்த ஒரு நொடியில் எனக்கு அருள்தான் தெரிந்தான். சத்தியம் செய்த கை அழுகினாலும் அழுகட்டும் என்று முடிவு செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கோவிலுக்குப் போய் வந்த பிறகு, இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

“அந்த ரிப்போர்ட்டு பொய் இல்ல. அது என்னுது. டப்பாவுல இருந்தது என்னுது. அவனுக்கு ரத்தம் போய்க்கினு இருந்தது எனக்குத் தெரியும். டெஸ்டு சரியாத்தான் சொல்லிச்சி. நாங்கதான் பொய் சொன்னோம்.”

விமலா எழுந்துபோய் அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தாள். காகிதத்தை முழுவதும் படித்தாள், முதல் முறை படிக்கிறவள் போல.

“உன்னுதா?”

“என்னுது.”

“ரத்தம் போறது தெரியுமா உனக்கு?”

“தெரியும். மூலம்னு நெனச்சேன்.”

“அவரு சொல்லிருந்தா நான் அன்னைக்கே இட்டுகினு போயிருப்பேன் அண்ணி. தூக்கிகினுனா போயிருப்பேன்.” குரல் ஏறவே இல்லை. “நான் ஒவ்வொரு நாளும் முட்டி போட்டு அந்த லேபுகாரன் குடும்பம் நாசமாப் போவணும்னு ஜெபிச்சேன். பேரு தெரியாத ஆளு. உன் கையால எனக்குச் சோறு போட்டியே, அப்ப எல்லாம் தெரியுமா உனக்கு?”

அவள் கதவைத் திறந்து பிடித்தாள். “போ” என்றாள். செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தேன். ஜெனி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றிலிருந்து விமலா என்னோடு பேசவில்லை. கோவிலில் அவள் வலப்பக்கம் உட்கார்ந்தால் நான் கடைசி வரிசைக்குப் போய்விடுவேன்.

மூன்று வாரம் கழித்து ஜெனியிடமிருந்து போனில் ஒரு வரி வந்தது: ‘ரத்தம் குடுத்துட்டேன்.’ அப்புறம் ஒன்றரை மாதம் எதுவும் இல்லை. பிறகு இன்னொரு வரி: ‘அப்பாவோடது எனக்கும் இருக்கு.’ அதைப் படித்தபோது நான் கேன்டீனில் முட்டைக்கோஸ் வெட்டிக்கொண்டிருந்தேன். மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கத்தியை வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவும் இடத்துக்குப் போய் நின்றேன். அங்கேதான் அவன் டப்பாவைக் கொடுத்தான்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஆறுதல் சொல்ல என்னிடம் சரக்கு இல்லை. நம்பிக்கை, போராட்டம், வெற்றி என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ரத்தம் போனால் அது மூலமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல வேண்டியது டாக்டர், கீரை இல்லை. வீட்டில் இரண்டு பேருக்குச் சின்ன வயதில் குடலிலோ கர்ப்பப்பையிலோ வந்திருந்தால், குடி, விதி, கண்ணேறு என்று மூடி வைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். யார் டப்பாவையும் நிரப்பிக் கொடுக்காதீர்கள். அன்பால் கொடுத்தாலும் கொடுக்காதீர்கள். நான் அன்பால்தான் கொடுத்தேன்.

என் உடம்பு இப்போது எனக்கு அந்நியமாக இருக்கிறது. தினமும் காலையில் கக்கூசில் எழுந்ததும், ரத்தம் இருக்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன். சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தத்தைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. இந்த உடம்பு அவன் பெயரில் ஒரு முறை நல்ல ரிப்போர்ட் வாங்கியது, அத்தோடு சரி, அவனுக்கு வேறு எந்த உதவியும் செய்யவில்லை. கேன்டீனில் பரிசோதனை நாளில் யாரும் இப்போது என்னிடம் டப்பா நீட்டுவதில்லை. நீட்டிய ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்த் தொழிற்சாலை டாக்டர் முன்னால் நிறுத்தினேன். அவளுக்கு வெறும் வயிற்றுப்போக்கு. இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். திட்டட்டும்.

ஜெனிக்கு இருபது முடிந்த மாதம், மூன்றாவது வரி வந்தது: ‘நாளைக்கு ஸ்கோப்பு. அம்மா கூட வராங்க. நீ வரதுன்னா தூரமா ஒக்காரு.’

போனேன். அதே ஆஸ்பத்திரி, அதே தாழ்வாரம். இப்போது நாற்காலி போட்டிருக்கிறார்கள். நான் தண்ணீர்க் குழாய் பக்கம் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தேன். விமலா அந்தக் கோடியில். என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எழுந்து வந்து போகச் சொல்லவில்லை. இரண்டு மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஜெனியைத் தள்ளுவண்டியில் வெளியே கொண்டுவந்தார்கள். மயக்கம் தெளிய நேரம் பிடித்தது. விமலா மாத்திரை வாங்கக் கீழே போனதும் அந்தப் பெண் மெல்ல எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து என்னிடம் வந்தாள். நான் எழுந்திருக்கப் போனேன். உட்கார் என்று கையைக் காட்டினாள். மெலிந்திருந்தாள். நிற்கிற விதம் அப்படியே அருள்.

“ஒன்னு இருந்துச்சாம். மொளகு சைஸு. எடுத்துட்டாங்க. டெஸ்டுக்கு அனுப்பிக்கீறாங்க.”

அவள் கையில் ஒரு காகிதம் இருந்தது. அதை என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

“பேரு படி.”

“அ. ஜெனிபர்.”

“என் பேரு. என் வவுறு. உள்ள இருந்ததும் என்னுதுதான். படிச்சியா?”

“படிச்சேன்டா கண்ணு.”

அவள் காகிதத்தை மடித்தாள். என்னைத் தொடவில்லை. நான் தொட்டுவிடுவேனோ என்று ஒரு அடி தள்ளியே நின்றாள். ஒரு வயதிலிருந்து என் இடுப்பில் வளர்ந்த பிள்ளை. திரும்பி நாலு எட்டு வைத்தவள் நின்றாள்.

“வருசா வருசம் பாக்கணுமாம். அடுத்த வருசமும் வா அத்த.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஆனா இங்கயே ஒக்காரு. கிட்ட வராத.”

விமலா படியேறி வரும் சத்தம் கேட்டது. ஜெனி போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். எனக்கு இனி வருடத்தில் இருக்கிறது அந்த ஒரு நாள்தான். அடுத்த தேதி என்ன என்று நர்ஸிடம் கேட்டு, பேனா வாங்கி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.